ழ என்று கேட்டால்

"ழ என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?"

குளக்கரைக் கிளையில் மீன்கொத்தி தனக்குள் முனகியது மைனாவின் காதில் விழுந்தது. அதுவரை தைரியமாக இருந்த மைனா இறகு கோதுவதை நிறுத்தியது.

மறுநாள் காவல் பறவைக்கான தேர்வு. மழைக்காலத்தில் காற்று தூரத்துக் குரல்களைப் பிய்த்துவிடும். எச்சரிக்கையின் முதல் எழுத்து மட்டுமே வந்து சேரும். அந்த எழுத்தில் தொடங்கும் உயிர்களின் பெயர்களை எல்லாம் காவல் பறவை உரக்கச் சொல்ல வேண்டும். 'மு' என்றால் முயல், முதலை, முள்ளம்பன்றி என்று தேர்வு வைக்கும் இருவாச்சிப் பறவை உதாரணம் காட்டியிருந்தது. வெல்பவருக்கு மருத மரப் பொந்து. மைனாவின் கூட்டைப் புயல் கொண்டுபோயிருந்தது. முட்டையிடும் நாளோ நெருங்கிவிட்டது.

ழ-வில் தொடங்கும் உயிர் எது? மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளைக்குக் கிளை தாவியது.

"பேசாமல் இருந்துவிடுவோம்" என்றது மீன்கொத்தி.

"எதையாவது அடித்துவிடு மைனாம்மா" என்றது கிளி.

"இருவாச்சி ஐயாவிடமே கேட்டால்?" என்றது மைனா.

"கேளேன். தேர்வுக்கு முன்பே உன் லட்சணம் தெரிந்துவிடும்" என்றது கிளி.

காலையில் எல்லோரும் கூடினார்கள். இருவாச்சி வாயைத் திறப்பதற்குள் மைனா ழ-வைப் பற்றிக் கேட்டேவிட்டது. கிளி சிரித்தது.

இருவாச்சி தலையைச் சொறிந்தது. "அதை நான் யோசிக்கவே இல்லையே. காற்று எழுத்தைத் திரித்தும் கொண்டுவரும்தான்."

கீழே குஞ்சுகளோடு நின்ற நீர்க்கோழிகளைப் பார்த்தது. "பேசாமல் இருந்தால் நீ தூங்கிவிட்டாய் என்று இவர்கள் நினைப்பார்கள். இல்லாததைச் சொன்னால் வீணாக ஓடுவார்கள். 'எதுவும் இல்லை' என்று சொல். அதுதான் விடை."

முதலில் கிளியின் முறை.

"ழ."

இல்லை என்று சொல்லக் கிளிக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்களே!

"ழாங்குட்டி!"

"ஐயோ, அது கடிக்குமா?" நீர்க்கோழிகள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தன.

மீன்கொத்தி 'ந'வுக்கு நரி, நத்தை என்று சொல்லி, தினமும் தின்னும் நண்டை மறந்தது.

மைனாவின் முறை வந்தது.

"ப."

"பசு, பன்றி, பருந்து, பல்லி, பச்சோந்தி, பட்டாம்பூச்சி."

"ண."

"எதுவும் இல்லை."

"சந்தேகத்தைக் கேட்டுத் தெளிபவரை நம்பித் தூங்கலாம், ஊகத்தை விடையாக்குபவரை நம்பினால் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்" என்றது இருவாச்சி.

சாயங்காலத்துக்குள் மைனா பொந்தில் காய்ந்த புல்லை நிரப்பி, வெளியே தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.