கயிறு யார் கையில்?

மணற்பட்டினத்து ராஜா ஒரு நிதி வைத்திருந்தார். மாதம் ஒரு பணம் கட்டவேண்டும். கட்டியவர் இறந்தால் குடும்பத்துக்கு நூறு பொன். நிபந்தனை ஒன்றே ஒன்று: சேர்ந்த ஓராண்டுக்குள் தானாக உயிரை விட்டால் சல்லிக்காசு கிடையாது. பொக்கிஷதார் திருமேனிநாதர்தான் முதல் ஆளாகச் சேர்ந்தார். அது நடந்து இரண்டு வருஷம் இருக்கும்.

முத்துக் குளிக்கும் கடற்கரையாண்டி சேர்ந்த எட்டாம் மாதமே சுறாவுக்கு இரையானான். அவன் மனைவி பேச்சியம்மாள் கைக்குழந்தையோடு சபைக்கு வந்து நின்றாள். பொக்கிஷதார் உதட்டைப் பிதுக்கினார்.

"கடலில் சுறா இருப்பது அவனுக்குத் தெரியும். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. தானாகக் குதித்தான், செத்தான். ஓராண்டும் ஆகவில்லை. ஆக, பணம் கிடையாது."

"நாம் போட்ட சட்டம் அப்படியா சொல்கிறது?" என்று கேட்டார் சட்டம் போட்ட ராஜா.

சபை விகடகவி குழைக்காதன் முன்னால் வந்தான். "அம்மா, அன்றைக்கு உன் புருஷன் இடுப்பில் கட்டிய கயிறு படகில் யார் கையில்?" என்று கேட்டான்.

"எங்க அண்ணன் கையிலதான் சாமி. அறுந்த கயிறுதான் மேல வந்துச்சு."

"யார் பிடித்தால் என்ன?" என்றார் பொக்கிஷதார்.

"அதானே!" என்றான் குழைக்காதன். "மகாராஜா, ஐயா சொல்வதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கட்டும். நான் பிடித்துக்கொள்கிறேன்."

"படகைக் கொண்டுவா!" என்றார் ராஜா.

பொக்கிஷதாருக்கு வேர்த்துக் கொட்டியது. "இவன் கையிலா? ஐயையோ! குதித்தே ஆகவேண்டுமென்றால் என் மச்சானைக் கூப்பிடுங்கள்!"

"யார் பிடித்தால் என்ன?"

"என்னவா? தங்கை தாலி போய்விடுமே என்று அவன் ஒருவன்தான் கயிற்றை விடமாட்டான். எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறதப்பா!"

"கடற்கரையாண்டியும் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுத்தான் மகாராஜா," என்றான் குழைக்காதன்.

ராஜா பொக்கிஷதார் பக்கம் திரும்பினார். "நூறு பொன்னையும் இப்போதே எண்ணிக் கொடும்," என்றார். புருஷன் போன நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகையைப் பேச்சியம்மாள் அங்கேதான் அழுது தீர்த்தாள்.

எண்ணி முடித்த பொக்கிஷதார் மெல்லக் கேட்டார்: "அப்போது, நான் குதிக்கவேண்டாம்தானே?"

"உங்கள் இஷ்டம்," என்றான் குழைக்காதன். "நீங்கள் நிதியில் சேர்ந்துதான் இரண்டு வருஷம் ஆயிற்றே. நீங்களாகவே குதித்தாலும் வீட்டுக்குப் பணம் வந்துவிடும்."