பிளாக் ஆங்கர்ஸின் உலகச் சுற்றுப்பயணமும் ஒரு சனிக்கிழமைச் சாட்சியும்

ரஸ்ஸல் கர்டோசா வாயைத் திறந்தால் தூத்துக்குடியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சண்முகவேல் டெய்லர் கடையில் லியோன் மச்சாதுவால் எழுந்து போக முடியவில்லை. மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுப் பார்க்க வந்த அந்த உப்பளக்காரரை, டெய்லர் தோளிலும் இடுப்பிலும் குண்டூசி குத்தி நிறுத்தி வைத்திருந்தார். அசைந்தால் குத்தும். இப்படி ஒரு ரசிகர் கிடைக்க ரஸ்ஸல் என்ன புண்ணியம் செய்தாரோ என்று நினைக்க வேண்டாம். மச்சாது எப்போது அளவு பார்க்க வருகிறார் என்று நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் அவர் உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசியைப் பார்த்துவிட்டு, "ஏல, சாட்சியும் இங்கனயே இருக்கு!" என்று சந்தோஷப்பட்டார். இஞ்ஞாசி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

இஞ்ஞாசி பர்னாந்து வந்தது பேத்தியின் வெள்ளை கவுன் வாங்க. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புது நன்மை. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை முதல் தடவையாக வாங்கப் போகிறவள், தாத்தாவும் தன் கூடவே வாங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் அவர் மதியமே கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருந்தார். "ரஸ்ஸல் சொல்ற பொய்க்கு ஆமாம் போட்டேன், சாமி" என்றதும், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "போன தடவையும் இதத்தானே சொன்னீரு? நாளைக்குப் பூசை வரைக்குமாவது வாயில ஒரு பொய் வரப்படாது, பாத்துக்கிடும்." சரியென்று தலையாட்டிவிட்டு நேரே டெய்லர் கடைக்கு வந்தவரின் கதி இது. கவுனுக்கு இன்னும் பித்தான் வைக்கவில்லை. கிளம்பவும் வழியில்லை.

இவர்கள் இரண்டு பேரும் ஒரு காலத்தில் பிளாக் ஆங்கர்ஸ் என்ற ராக் பேண்டில் வாசித்தவர்கள். ரஸ்ஸல் பாட்டு, லீட் கிட்டார். இஞ்ஞாசி பேஸ் கிட்டார். தோள்வரை முடியும் தரையைப் பெருக்கும் பேண்ட்டுமாக ஊரில் ஒரு கல்யாணம் விடாமல் வாசித்தார்கள். உலகத்தில் மற்ற பேண்டுகள் எல்லாம் கொள்கைக்காகப் பிரிந்தன. இவர்கள் ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணியில் ஈரல் யாருக்கு என்ற தகராறில் பிரிந்து, முப்பது வருஷம் முகம் பார்க்காமல் இருந்து, போன வருஷம்தான் மறுபடி சேர்ந்தார்கள். சேர்ந்து என்ன பிரயோஜனம்? ஊரில் இப்போது எல்லாக் கல்யாணத்துக்கும் டிஜே. இஞ்ஞாசியின் பேஸ் கிட்டார் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. அது எப்படிச் சத்தம் போடும் என்று பேத்திக்குத் தெரியாது. அவள் காதில் ஒரு தடவையாவது அதைக் கேட்க வைத்துவிட வேண்டும் என்று இஞ்ஞாசிக்கு ரொம்ப ஆசை. மச்சாது வீட்டுக் கல்யாணத்தில் பாட்டுக்கு இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லைதான். அந்த வாய்ப்பைப் பிடிக்கும் வேலையை ரஸ்ஸல் கையில் எடுத்ததுதான் கவலை.

"உலகம் பூரா சுத்திட்டு இப்பத்தான் தம்பி மூச்சு விடுதேன்" என்று ரஸ்ஸல் ஸ்டூலை மச்சாதுவுக்கு எதிரே இழுத்துப் போட்டார். "பிளாக் ஆங்கர்ஸ் மறுபடி சேர்ந்தாச்சுன்னு சேதி போன அன்னைக்கு, உலகத்துல உள்ள அத்தனை துறைமுகத்துலயும் ஒரே நேரத்துல கப்பல்காரன் ஹாரன் அடிச்சான். இங்கனயும் அடிச்சானே, கேக்கலையா?"

"துறைமுகத்துல தெனமும்தான் அடிக்கான், அண்ணாச்சி" என்றார் டெய்லர், வாயில் குண்டூசியோடு.

"மத்த நாள் அடிக்கிறது கப்பலுக்கு. அன்னைக்கு அடிச்சது எங்களுக்கு. நீரு குண்டூசிய முழுங்கிராதேயும்." ரஸ்ஸல் மச்சாது பக்கம் திரும்பினார். "மொதல்ல மாலத்தீவு. தீவுல உள்ள சனம் பூரா மேடை இருந்த கரைக்கே வந்துட்டு. பாரம் ஒரு பக்கமா ஏறிப் போச்சா, தீவு அப்படியே சரியுது! தென்னை மரம் எல்லாம் படுத்துட்டு. நான் பாட்ட நிறுத்தல. மைக்குலயே, 'பாதிப் பேரு அந்தக் கரைக்குப் போங்க'ன்னு ராகத்தோட சேத்துப் பாடினேன். போனாங்க. தீவு நிமிந்துட்டு."

மச்சாது கழுத்தை மட்டும் திருப்பினார். "இஞ்ஞாசி அண்ணே, தீவு சரிஞ்சுதா?"

இஞ்ஞாசி யோசித்து யோசித்துச் சொன்னார். "எனக்குச் சரியிற மாதிரிதான் தம்பி இருந்துச்சு."

"கேட்டீங்களா!" என்று ரஸ்ஸல் தொடையில் தட்டினார். "அடுத்து லண்டன். அங்க எப்பவும் மழைதானே? நான் மொத வரியப் பாடுதேன், மழை பாதி வழியில அந்தரத்துல நிக்குது. கேட்டுக்கிட்டு நிக்குது தம்பி! பாட்டு முடியிற வரைக்கும் ஒரு சொட்டு கீழ விழல. முடிஞ்சதும் மொத்தமா விழுந்துச்சு பாருங்க, சனத்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட வள்ளம் புடிச்சாங்க. அரண்மனை வாசல்ல கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தன் நிப்பான்லா, அசையவே கூடாதுன்னு? எங்க டிரம்ஸுக்கு அவன் காலு தாளம் போட்டுட்டு. வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. இப்ப நம்ம பேண்டுக்கு அவன்தான் லைட்டு."

"எங்க, ஒருநாள் கூட நாங்க பாக்கலியே?" என்றார் டெய்லர்.

"வெள்ளைக்காரன்லாவே, நம்மூரு வெயில் ஒத்துக்கிடல. வெளிய தல காட்ட மாட்டேங்கான்."

மச்சாது மறுபடியும் பெஞ்சைப் பார்த்தார். இஞ்ஞாசி கூரையைப் பார்த்தார். "நாங்க இருந்த எடத்துல ஒரு சொட்டு விழல தம்பி. அது நெசம்."

சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெசம்தான். ஆனாலும் மறுநாள் வாயைத் திறந்து நாக்கை நீட்டும்போது சாமியார் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்ப்பார் போலத் தோன்றியது. கவுனைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி டெய்லருக்குக் கண்ணைக் காட்டினார். டெய்லராவது, முடிப்பதாவது. அவர் ரஸ்ஸலின் கதையோடு அடுத்து ஜப்பானுக்குக் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"ஜப்பான்ல இந்தா இருக்கானே, இவன் பண்ணுனதுதான்" என்று ரஸ்ஸல் இஞ்ஞாசியைக் கை காட்டினார். "டிக்கெட்டு வித்து முடிஞ்சிட்டு, வெளிய இன்னும் அம்புட்டு சனம் நின்னு அழுது. இவன் பேஸ்ல அடித் தந்திய ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். நெலநடுக்கம்னு நெனச்சு நாட்டுல உள்ளவன் பூரா வீட்டை விட்டு மைதானத்துக்கு ஓடியாந்துட்டான். வந்தவன் பாட்டைக் கேட்டுட்டுத் திரும்பிப் போகலியே! சொல்லுல, ஜப்பான் நடுங்குச்சா இல்லியா?"

"ஜப்பான் நடுங்குறது உண்டுதான்" என்றார் இஞ்ஞாசி பரிதாபமாக.

"அப்புறம் அமெரிக்கா. கூட்டம்னா கூட்டம், கண்ணுக்கு எட்டின வரைக்கும் தலை. கடைசி வரிசைக்காரன் கடியாரத்துல வேற நேரம்! நாங்க ராத்திரி பாடினது அவனுக்கு மறுநாள் காப்பி குடிக்கையிலதான் போய்ச் சேர்ந்துச்சு. கேட்டுட்டுக் கை தட்டியிருக்கான். அந்தக் கைத்தட்டு எங்களத் தேடி வாறதுக்குள்ள நாங்க அடுத்த ஊருக்குப் போயிட்டோம். அங்க வந்து பாத்துருக்கு, நாங்க இல்ல. அது இன்னும் ஊர் ஊரா எங்களைத் தேடி அலையுது தம்பி. என்னைக்காவது ஒருநாள் வந்து சேரும்."

டெய்லர் வாயிலிருந்த குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். இனி பாதுகாப்பில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"கடைசியா ஒண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லிராதீங்க. மேல ஆகாசத்துல சுத்திக்கிட்டே ஆராய்ச்சி பண்ணுதானுவோலா? அங்கிருந்து போன். 'ஐயா, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க, தூங்க முடியல'ன்னு."

"ஆகாசத்துல காத்து கெடையாது, சத்தம் போகாதுன்னு எம்மவன் பாடப் புத்தகத்துலயே போட்டிருக்கு, அண்ணாச்சி" என்றார் டெய்லர்.

"அந்தப் புத்தகம் நாங்க டூர் போறதுக்கு முந்தி அடிச்சது. எல, இஞ்ஞாசி, சத்தத்தக் கொறைக்கச் சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க" என்றார் இஞ்ஞாசி. இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்.

மச்சாது கண்ணாடியில் கோட்டுக் காலரைச் சரிபார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகப் பேசினார். "ரஸ்ஸல் அண்ணே, சொன்னா நம்ப மாட்டீங்க, நானே உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். மக டிஜே வேணும்னு நிக்கா. வீட்டுக்காரி நம்ம கல்யாணத்துக்கு வாசிச்ச பேண்டுதான் வேணும்னு நிக்கா."

ரஸ்ஸல் முகம் பூரித்துவிட்டது. இஞ்ஞாசி பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார்.

"ஆனா இப்பப் பயமா இருக்குண்ணே. கோயில் மண்டபத்துக்கு வெறும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இஞ்ஞாசி அண்ணன் ஒரு இழுப்பு இழுத்தா மாப்பிள வீட்டுக்காரங்க மைதானத்துக்கு ஓடிருவாங்க. எல்லாரும் மேடைப் பக்கம் வந்தா மண்டபம் சரியும், பாதிப் பேரை அங்க போ, இங்க போன்னு யார் வெரட்டுறது? இதுல அமெரிக்காக் கைத்தட்டு வேற வழி தேடி அன்னைக்கே வந்து நொழைஞ்சுதுன்னா நான் பந்திய எங்க போடுவேன்? வீட்டுக்காரி கேட்டது, எங்க ரிசப்ஷன்ல கரண்ட் போனப்ப கிட்டாரை வாயாலயே வாசிச்சுப் பாட்டை முடிச்சாங்களே, அந்தச் சின்ன பேண்டு. அது இப்ப இல்ல போலிருக்கு. பரவால்ல, நான் டிஜேப் பையனுக்கே சொல்லிருதேன்." செல்போனை எடுக்கக் கையைத் தூக்கியவர், இடுப்பில் குண்டூசி குத்தி, "ஆ!" என்றார்.

ரஸ்ஸல் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். உண்மைக்கு அந்த வழியாக வந்து பழக்கம் இல்லை. அப்படியே இஞ்ஞாசி பக்கம் திரும்பி, யாருக்கோ கேட்டுவிடும் போல மெதுவாக, "நீயே சொல்லுல" என்றார். அந்த முகத்தைப் பார்க்க இஞ்ஞாசிக்குப் பாவமாக இருந்தது. எத்தனையோ பொய்யைக் கேட்டுச் சிரித்திருக்கிறார், இந்த மனிதன் சும்மா இருந்து அவர் பார்த்ததே இல்லை.

இஞ்ஞாசி எழுந்து நின்றார்.

"மாலத்தீவுல மாலே வரைக்கும்தான் தம்பி போனோம். வெங்காயம் ஏத்துன தோணியில. சரிஞ்சது தீவு இல்ல, நான்தான். போகையில வாந்தி, வரையிலயும் வாந்தி. மழை விழல, ஏன்னா தார்ப்பாய்க்கு அடியில வெங்காய மூட்டை மேலதான் படுத்துக் கெடந்தோம். நம்மூர்க்காரன் ஒருத்தன் அங்க ஓட்டல் தெறக்கான்னு கூப்பிட்டிருந்தான். போய்ப் பாத்தா, மேடையில டிஜே. எங்களுக்குச் சாப்பாடு போட்டாங்க. நல்ல சாப்பாடு, குத்தம் சொல்லப்படாது. அப்புறம் மனசு கேக்காம தோணி கட்டுற துறையில தோணிக்காரங்களுக்கு நாலு பாட்டு வாசிச்சோம். சத்தத்தக் கொறைங்கன்னது தோணிய ஓட்டுற தண்டல். கை தட்டுனதும் அவரு ஒருத்தர்தான். அதுவும் கொசு அடிச்சாரோ என்னவோ, எனக்கு இன்னும் சந்தேகம்."

ரஸ்ஸல் தரையில் கிடந்த துணி வெட்டுத் துண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முதலில் மச்சாதுவின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. குண்டூசி அங்கே குத்த, இங்கே குத்த, "ஐயோ, ஆ, ஐயோ" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டெய்லர் கோட்டைக் காப்பாற்ற அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இந்த பேண்டுதான்ணே வேணும்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "வெங்காயத் தோணி பேண்டு. பந்தி நேரத்துல அதே நாலு பாட்டு. பேத்தியக் கூட்டிட்டு வந்து முன்னாடி உக்கார வைங்க, இஞ்ஞாசி அண்ணே."

டெய்லர் ஒருவழியாகக் கவுனுக்குப் பித்தான் வைத்து முடித்தார். மடித்துக் கொடுத்ததை இஞ்ஞாசி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார். உண்மை பேசினால் இப்படியும் நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ரஸ்ஸலும் இன்றோடு திருந்திவிடுவார் என்று ஒரு நப்பாசை கூட வந்தது.

ரஸ்ஸல் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். வாசல் வரை போனவர் நிலைப்படியில் நின்று திரும்பினார்.

"சரி தம்பி, ஒங்களுக்காக ஒத்துக்கிடுதேன். கல்யாணத்தன்னைக்கு ரோமாபுரியில ஒரு புரோகிராம் இருக்கு. பெரிய கோயில் வாசல்ல. மேடை கூடப் போட்டுட்டாங்க. பரவால்ல, தள்ளி வைக்கச் சொல்லிருதேன்."

டெய்லர் தலையில் கை வைத்துக்கொண்டார். மச்சாது குண்டூசி குத்தாதபடி, மெதுவாக, உடம்போடு சேர்ந்து பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"அப்படியா, இஞ்ஞாசி அண்ணே?"

இஞ்ஞாசி கையிலிருந்த கவுனைப் பார்த்தார். வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்ற ரஸ்ஸலைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைப் பூசை முடியட்டும் தம்பி" என்றார். "அப்புறம் வந்து கேளுங்க, ஆமான்னு சொல்லுதேன்."