உறுமிய புதர்

செம்பி என்ற புள்ளிமானுக்குத் தாகம் தாங்கவில்லை. இரண்டு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! இதோ, ஐம்பதடி தூரத்தில் குளம் பளபளக்கிறது. ஓடிப்போய் வாயை வைக்க வேண்டியதுதான்!

"நில்லுடி! குளத்துப் பக்கம் போகாதே!" விளாமரத்து உச்சியிலிருந்து மந்தி அலறியது.

இருவருக்கும் பழைய ஒப்பந்தம். மேலேயிருந்து மந்தி பார்த்துச் சொல்லும். கீழேயிருந்து செம்பி மோந்து பார்த்துச் சொல்வாள். இன்றைக்குப் பார்த்துக் காற்று குளத்தை நோக்கி அடித்தது. செம்பியின் மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை.

"ஏன்க்கா? என்ன இருக்கு?"

"நாணலுக்குள்ள புலி! ஆரஞ்சு நிறத்துல பளிச்சுன்னு தெரியுது!"

செம்பி கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். எங்கும் ஒரே பச்சை! மானின் கண்ணுக்குப் புலியும் புல்லும் ஒரே நிறம்தான். அந்தச் சங்கதி பாவம், அவளுக்குத் தெரியாது.

"ஆரஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல! பச்சையா ஒரு புதர்தான் நிக்குது!"

"ஆரஞ்சுங்கறேன்!"

"பச்சைங்கறேன்!"

அப்போது நரி வந்து சேர்ந்தது. புலி தின்று போட்ட மிச்சத்தில் உடம்பை வளர்க்கிற நரி! சும்மா விடுமா?

"அடடா, எதுக்குச் சண்டை? ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்! மந்தி கண்ணுக்குப் புலி, மான் கண்ணுக்குப் புதர். உண்மைங்கறது அவங்கவங்க பார்வைதானே! உன் கண்ணை நம்பி நீ போய்த் தண்ணி குடி, தாயி!"

எவ்வளவு இனிப்பான பேச்சு! செம்பி மயங்கிப்போய் இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியில் சட்டென்று நின்றுவிட்டாள். அது புதராக இருந்தால் பிழைப்பேன், புலியாக இருந்தால் சாவேன். இரண்டும் உண்மையென்றால் பாதி பிழைத்துப் பாதி சாவேனா?

"அக்கா! நிறம் கிடக்கட்டும்! ஒரு விளாங்காயைப் பறிச்சு அது மேல எறி! புதர்னா சும்மா கிடக்கும்!"

நரி பதறிக்கொண்டு கத்தியது. "ஐயய்யோ, எறியாதீங்க! புதருக்கு வலிக்கும்!"

"புதருக்கா வலிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே மந்தி குறிபார்த்து வீசியது. டொக்!

"உர்ர்ர்ர்!"

புதர் உறுமியது! பாய்ந்தது! ஆனால் செம்பி அதற்குள் நாலே துள்ளலில் மேட்டைத் தாண்டிவிட்டாள். காடே மந்தியின் கூச்சலில் அதிர்ந்தது. இனி இங்கே வேட்டை நடக்காது என்று புலிக்குப் புரிந்துவிட்டது. நெற்றி வேறு விளாங்காய் அளவுக்கு வீங்கிப்போயிருந்தது.

நரி குழைந்துகொண்டே பக்கத்தில் வந்தது. "ராஜா, உங்களுக்கு வலிக்கிற மாதிரி தோணுது, அவ்வளவுதான்!"

விட்டது பாருங்கள் ஓர் அறை! நரி உருண்டு போய்க் குளத்துச் சேற்றில் விழுந்தது. புலி வேறு காட்டைப் பார்த்து நடந்தது. மந்தி காவலிருக்க, செம்பி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

நிறம் கண்ணுக்குக் கண் மாறலாம்; உண்மை மாறாது, சந்தேகம் வந்தால் அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.