ஒருவர் விடாமல்

கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டு எழுந்து போவதற்கான கதையில்லை இது. முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்லாமல் நழுவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சாரக்கோம்பை என்றொரு மலையூர். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். மாலையானால் பனி இறங்கி எதிரே வருபவர் முகம் தெரியாது. காட்டுப்பன்றித் தொல்லைக்காகச் சிலர் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தார்கள். யார் யார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் எந்த வேலியைத் தாண்டினாலும் முதலில், "நாந்தான் வர்றேன்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பது அந்த ஊர் வழக்கம். பனியில் ஆளைப் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதல்லவா?

ஜீப் ஓட்டும் வேலப்பனின் மகனும் குரல் கொடுத்துவிட்டுத்தான் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு விளையாடப் போனான். அங்கே கட்டிலுக்கு அடியில் குண்டு போட்டபடியே ஒரு துப்பாக்கி கிடந்தது. பிள்ளைகள் அதை வெளியே இழுத்தார்கள். அது வெடித்தது. பையன் வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த கையோடு வேலப்பன், ஊரில் வாரப் பத்திரிகை நடத்தும் அருள்ராயனிடம் போனார்.

"அந்த வீட்ல துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா எம்புள்ளைய அனுப்பியிருப்பேனா சார்? எனக்கு இன்னும் ஒரு பொண்ணு இருக்கா. யார் யார்கிட்ட இருக்குன்னு பேரு, விலாசம் எல்லாம் போடுங்க. ஒரு ஆள் விடாம போடுங்க."

அருள்ராயன் நல்ல மனிதர். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து அழுதால் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவார். வேலப்பனின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் மனுப் போட்டு, நாயாய் அலைந்து, பெயர்களையும் வாங்கிவிட்டார்.

விஷயம் ஊரில் பரவியதும் கோமளம் வந்தாள். சமவெளியிலிருந்து வந்து, தையல் வேலை செய்து தனியாகப் பிழைப்பவள். அவளிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது; ஊரில் யாருக்கும் அது தெரியாது. கட்டியவன் அவளை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனவன். தோளில் இருந்த தழும்பைக் காட்டினாள்.

"வெளிய வந்தா என்னைத் தேடுவான் சார். நீங்க விலாசத்தப் போட்டுட்டா, யார்கிட்டயும் வழி கேக்காமயே வந்துருவான். எம்பேர மட்டும் எடுத்துருங்க."

அவளுக்கும் அருள்ராயன் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரமே பட்டியல் வெளியானது. 'துப்பாக்கி உள்ள வீடுகள்: ஒருவர் விடாமல்' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. கோமளத்தின் பெயர் அதில் இல்லை. வீட்டுக்கு வீடு அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். அதன்பின், பட்டியலில் இருந்த வீடுகளின் வேலியில் மட்டும் குரல் கொடுத்தார்கள். மற்ற வீடுகளுக்குச் சத்தமில்லாமல் நடந்து போனார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. எங்கே பயம் இல்லை என்றுதான் அச்சிலேயே வந்துவிட்டதே!

பட்டியலில் இருந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து யாரோ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது யார் கையில் இருக்கிறதோ என்று ஊர் கலங்கியது. அதே சமயம் கோமளத்துக்கு இன்னொரு சேதி வந்தது. அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவள் தைக்கப் புதிதாகத் துணி வாங்கிக்கொள்வதை நிறுத்தினாள். ஆள் வருவதும் நின்றது. பட்டியலில் இல்லாத வேலிகளில் ஊர் குரல் கொடுப்பதை விட்டுவிட்டது அவளுக்குத் தெரியாமல் போனது இப்படித்தான். தையல் மெஷினின் சத்தம் வெளியே கேட்குமென்று, கையில் மிச்சமிருந்த ஒரே ஒரு பள்ளிச் சீருடையை ஊசியாலேயே தைத்தாள். கூரையில் சருகு விழுந்தாலும் ஊசி நின்றுவிடும்.

அந்தச் சீருடை வேலப்பனின் மகள் தேன்மொழியுடையது. ஒரு மாலை தேன்மொழி அதை வாங்கி வரக் கிளம்பினாள். வேலப்பன் சுவரில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார்.

"கோமளம் அக்கா வீடா? அங்க பயமில்ல தாயி. போயிட்டு வா."

பனிக்குள் காப்பிச் செடிகள் அசைந்தன. கோமளத்தின் காதில் காலடி கேட்டது. குரல் வரவில்லை. 'இந்த ஊரில் குரல் கொடுக்காமல் வருகிறவன் அவன் ஒருவன்தான்' என்று நினைத்தாள். யாரென்று கேட்டால் தான் நிற்கும் இடம் தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல் துப்பாக்கியை எடுத்து, காலடி வந்த பக்கம் சுட்டாள்.

சின்னச் செருப்பு ஒன்று வாசலில் வந்து விழுந்த பிறகுதான் வந்தது குழந்தை என்று அவளுக்குத் தெரிந்தது. தைத்து முடித்த சீருடையையே குழந்தையின் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலறியபடி ஓடினாள். வேலப்பனின் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தேன்மொழி பிழைத்துவிட்டாள். ஆனால் ரவைகள் தொண்டையில் பாய்ந்திருந்தன. அவள் குரல் திரும்பவே இல்லை.

இப்போது சொல்லுங்கள். எல்லாப் பெயரும் வேண்டும் என்றார் வேலப்பன். தன் பெயர் வேண்டாம் என்றாள் கோமளம். இருவருக்கும் சரி என்றார் அருள்ராயன். அந்தக் குழந்தையின் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். வேலப்பன் பிள்ளையைக் காக்கக் கேட்டார், கோமளம் உயிரைக் காக்கக் கேட்டாள்; இருவரும் பொய் சொல்லவில்லை. அருள்ராயன் அவள் பெயரை எடுத்ததிலும் பிழையில்லை, போட்டிருந்தால் அவன் வந்திருப்பான். எடுத்த பிறகும் 'ஒருவர் விடாமல்' என்று தலைப்பு வைத்தாரே, பொய் அங்கேதான் இருக்கிறது. அதை நம்பித்தான் ஊர் குரல் கொடுப்பதை விட்டது. எல்லாப் பெயரையும் போட முடியாது என்று வேலப்பனிடம் அன்றே சொல்லியிருந்தால் அவர் கோபித்திருப்பார், ஆனால் மகளுக்கு எல்லா வேலியிலும் குரல் கொடுக்கச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். ஆகவே பதில் சொல்ல வேண்டியவர் அருள்ராயன். சாரக்கோம்பையில் இப்போது எந்தச் சுவரிலும் அந்தப் பட்டியல் இல்லை. பனி இறங்கிய மாலைகளில் ஒவ்வொரு வேலியிலும் வேலப்பன் மகளின் கையைப் பிடித்தபடி நிற்கிறார். "நாங்க ரெண்டு பேர் வர்றோம்!" என்று கத்துகிறார். பக்கத்தில் தேன்மொழியும் வாயைத் திறந்து மூடுகிறாள்.