மட்டிக்குப்பத்தார் மணலுக்குப் பெயின்ட் அடித்த கதை

கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு மட்டிக்குப்பத்தார் கடலுக்குப் போயிருந்தார்கள் என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. கரையில்தான் இருந்திருப்பார்கள். வரிசையில் நில் என்றதும் நின்றிருப்பார்கள். கையை நீட்டு என்று யாரும் சொல்லாததால் நீட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த ஊருக்கு நாற்பத்து மூன்று வீடு, பதினோரு படகு, ஒரு கடற்கரை. ஒரு வருஷம் ஆனி மாதத்தில் கடற்கரை குறைய ஆரம்பித்தது. ஆடி முடிவதற்குள் அலை வந்து ஊர்த்தலைவர் தேசிங்கு நாட்டாரின் வாசற்படியில் ஏறியது. கார்த்திகை பிறந்தால் புயல் வரும். அதற்குள் படகுகளை மேலே இழுத்துப் போட மணல் வேண்டும். இல்லையென்றால் பதினொன்றையும் கடல் கொண்டு போய்விடும், அதோடு ஊருக்குச் சோறும் போச்சு. இது அவர்களுக்கே புரிந்தது என்றால் எவ்வளவு தெளிவான விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டார் ஊரைக் கூட்டினார்.

"நம்ம மண்ணு எங்க போவுது?"

"நண்டு தூக்கிட்டுப் போவுதோ?" என்றாள் மீன் விற்கும் அமராவதி.

"சும்மா இரு அமராவதி. நண்டு வளை தோண்டி மண்ணை வெளிய தள்ளுது. அது நமக்குக் குடுக்குற ஆளு, எடுக்குற ஆளு இல்ல" என்றான் எல்லப்பன்.

எல்லப்பன்தான் அந்த ஊருக்கு அறிவாளி. ஒருமுறை சென்னைக்கு ரயிலேறி, வழியில் தூங்கிப்போய், அதே ரயிலில் திரும்பி வந்தவன். உலகம் பார்த்தவன் என்று ஊரில் அவனுக்கு மரியாதை.

அந்த வாரம் கரையை அளக்க ஓர் இன்ஜினியர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. வாயை வைத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். விதி, விளக்கம் சொன்னார்.

"மண்ணை யாரும் திருடலங்க. தெக்கத்திக் காத்து அடிக்கிற வரைக்கும் அலை சாய்வா வந்து மோதும். ஒவ்வொரு அலையும் மண்ணைக் கிளப்பி, கொஞ்சம் வடக்க தள்ளி வெச்சுட்டுப் போவும். ஐப்பசியில வாடைக் காத்து திரும்பிட்டா, அலை அந்தப் பக்கத்துலேருந்து சாயும். மண்ணு தெக்க வந்துடும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"மண்ணுக்குக் காலு இருக்காம்மா?" என்று நாட்டார் கேட்டார்.

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "நம்பலன்னா ஒரு கூடை மண்ணுல பெயின்ட் கலந்து கரையில கொட்டுங்க. எங்க போவுதுன்னு உங்க கண்ணாலயே பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பெயின்ட் இருந்தது. வருஷா வருஷம் படகுக்குச் சிவப்பு அடிப்பது அந்த ஊர் வழக்கம். பதினோரு படகிலும் பழைய பெயின்ட்டை அப்போதுதான் ஒரு பொட்டு விடாமல் சுரண்டி முடித்திருந்தார்கள். புது டின்கள் நாட்டார் வீட்டில் அடுக்கியிருந்தன.

"ஒரு கூடைன்னு சொன்னாங்களே, யாரு வீட்டுக் கூடை?" என்று அமராவதி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. ஊர் இரண்டாகப் பிரிந்து வேட்டியை மடித்துக் கட்டியது. கடைசியில் வீட்டுக்கு ஒரு கூடை என்று தீர்ப்பானது. நாற்பத்து மூன்று கூடை மணலுக்கும் சிவப்பு அடித்து முடித்தபோது டின்கள் காலி. படகுகள் வெறும் மரமாக நின்றன.

மணலைக் கரையில் கொட்டினார்கள். கண்ணால் பார்க்கச் சொன்னாரே, பார்த்தார்கள். கடலுக்குப் போகவில்லை, வலை எடுக்கவில்லை. இமைப்பதற்குக்கூட முறை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு அலையும் சிவப்பை ஒரு சாண் கிளப்பி வடக்கே வைத்தது. இவர்களும் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆறாம் நாள் சிவப்பு மணல் ஊர் எல்லையில் இருந்த தாழம்புதரைத் தாண்டி, வடக்கே பக்கத்து ஊரான ஓடக்கரைக்குள் போனது.

"பாத்தீங்களா! அலைக்குக் கூலி குடுத்து மண்ணைக் கடத்துறானுங்க!" என்று எல்லப்பன் எழுந்து கத்தினான்.

ஊரே ஓடக்கரைக்குப் போனது. அங்கே கடற்கரை அகலமாக, வெள்ளையாக, நடுநடுவே சிவப்பு தூவிக் கிடந்தது. ஓடக்கரைத் தலைவர் பக்கிரி வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"பக்கிரி, இது எங்க மண்ணு" என்றார் நாட்டார்.

பக்கிரிக்கு இவர்களோடு நாற்பது வருஷப் பழக்கம். வாதாடினால் பொழுது போய்விடும் என்று தெரியும். "சிவப்பா இருக்கறதெல்லாம் உங்களுது. தாராளமா எடுத்துக்கங்க" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கூடையில் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். மட்டிக்குப்பத்தார் உட்கார்ந்து பொறுக்கினார்கள், ஒவ்வொரு மணியாக. வலை பின்னும் ஊசியின் முனையால் சிவப்பைத் தள்ளி எடுத்து, வெள்ளையை இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.

"அண்ணே, நகத்துல ஒரு வெள்ளை ஒட்டியிருக்கு பாரு. அடுத்தவன் சொத்து நமக்கெதுக்கு? தட்டிட்டு வா" என்று அமராவதி ஒருவனை அதட்டினாள். வீடு திரும்பும்போது எல்லாரும் எல்லையில் நின்று காலைக் கழுவினார்கள். முட்டாள்தனத்தோடு நேர்மையும் சேர்ந்துவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது.

பத்து நாள் பொறுக்கியதில் அரைக் கூடை தேறியது. மேளத்தோடு கொண்டுவந்து தங்கள் கரையில் கொட்டினார்கள். மேளக்காரர் குச்சியைக் கீழே வைப்பதற்குள் ஒரு அலை வந்து எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலை மறுபடியும் ஊசியோடு கிளம்பினார்கள். புரட்டாசி முடிய இதே பிழைப்பு.

ஐப்பசியில் வாடைக் காற்று திரும்பியது. அந்த அம்மா சொன்னது சொன்னபடி நடந்தது. தீபாவளி கழிந்து ஒரு காலையில் நாட்டார் கதவைத் திறந்தால், வாசலிலிருந்து நாற்பது எட்டு வைக்கும் தூரத்துக்கு மணல். படகை இழுத்துப் போட இதைவிட நல்ல கரை கிடைக்காது. கேட்டது கிடைத்துவிட்டது. வாய்க்கு நேராக வந்த சோற்றைத் தின்ன வேண்டியதுதானே? நாட்டார் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எல்லப்பா, இதுல சிவப்பே இல்லியே."

எல்லப்பன் முகர்ந்தான். நாக்கில் வைத்துப் பார்த்தான். "இது நம்ம மண்ணு இல்ல நாட்டாரே. ஓடக்கரை மண்ணு. நம்ம வாசல்ல கிடக்கு. பாத்தவன் என்ன சொல்லுவான்?"

"ஐயோ, நம்மளைத் திருடன்னு சொல்லுவானே!" என்றார் நாட்டார்.

"மாமா, புயல் வருதுன்னு ரேடியோவுல சொல்றான். முதல்ல படகை இழுத்துப் போட்டுடுவோமா?" என்றாள் அமராவதி. அந்த ஊரில் நூறு வருஷத்தில் பேசப்பட்ட ஒரே நல்ல பேச்சு அதுதான்.

"திருட்டு மண்ணு மேலயா? என் படகு ஏறாது!" என்றார் நாட்டார். அமராவதி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்பத்து மூன்று வீடும் கூடையைத் தூக்கியது. கடல் கொண்டுவந்து போட்டதை இவர்கள் அள்ளி அள்ளி ஓடக்கரையில் கொட்டினார்கள். கடலைவிட வேகமாக வேலை செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பக்கிரி முதலில் வேண்டாம் என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எங்கே கொட்டலாம் என்று இடம் காட்டினார். எட்டாம் நாள் மட்டிக்குப்பத்தில் அடிக் களிமண் தெரிந்தது. அன்று சாயங்காலம் புயல் வந்தது.

ஓடக்கரைப் படகுகள் மேட்டு மணலில் நிம்மதியாக இருந்தன. மட்டிக்குப்பத்துப் படகுகள் பதினொன்றும் கயிற்றை அறுத்துக்கொண்டு போயின. ஊர் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. எனக்கே பாவமாக இருந்தது, ஒரு நாலு நாளைக்கு.

ஐந்தாம் நாள் தெற்கே சாலியூரிலிருந்து சில ஆட்கள், பதினோரு படகையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"நாட்டாரே, எல்லாம் எங்க ஊர்ல ஒதுங்கிச்சு. ஒண்ணுக்கும் சேதமில்ல. உங்க படகுதானே?"

ஊரே கரைக்கு ஓடி வந்தது. நாட்டார் தண்ணீரில் இறங்கிப் படகுகளைச் சுற்றி வந்தார். தடவினார், தட்டினார். வெறும் மரம். எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பன் இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"இல்ல தம்பி. எங்க படகெல்லாம் சிவப்பு."

சாலியூர்க்காரன் திகைத்துப் போனான். "உள்ள உங்க துண்டு கூட கிடக்குதே, பாருங்க."

நாட்டார் எட்டிப் பார்த்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"துண்டு மட்டும் என்னுதுதான், அதை எடுத்துக்கறேன். படகைக் கொண்டுபோய் உடையவன்கிட்ட சேத்துடு. எந்த ஊரு மடையன் தொலைச்சானோ, பாவம், சோறு தண்ணியில்லாம தேடிக்கிட்டு இருப்பான்."

பதினோரு படகையும் திருப்பித் தள்ளிவிட ஊரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கை கொடுத்தது.