வா என்றொரு வேட்டை நாய்

ஊசிமேட்டுப்பட்டியில் கொம்பையா, சங்கிலி, வெயிலுமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் பொதுவில் இரண்டு ஏக்கர் கரிசல் காடும் ஓர் அக்காவும் உண்டு. காட்டில் உளுந்து விளைந்தது. அக்கா அரியநாச்சி சோறு பொங்கினாள். இரண்டில் எது நின்றாலும் மூன்று பேரும் பட்டினி.

அந்த வருஷம் உளுந்து இரண்டு இலை விட்டதுமே முயல் வந்து மேய ஆரம்பித்தது. போன வருஷமும் இதே கூத்துதான். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தடவையும் உளுந்து வீடு வந்து சேரலைன்னா நான் சாத்தூர்ல மக வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களே பொங்கித் தின்னுங்கடா."

அடுப்பில் தீ எந்தப் பக்கம் வைப்பது என்பதே மூவருக்கும் தெரியாது. அன்றைக்கே பக்கத்து ஊருக்குப் போய், வேட்டை நாய் வளர்க்கும் துரைப்பாண்டியிடம் எட்டு மாதக் குட்டி ஒன்றை வாங்கினார்கள். தாய் கன்னி இன வேட்டை நாய், தகப்பன் நாட்டு நாய். கால் நெட்டை, வயிறு ஒட்டு, கண்ணில் மட்டும் நல்ல அறிவு.

துரைப்பாண்டி பொறுமையான மனுஷர். விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"ஒரு பேரு வைங்க. கூப்பிட்டா வரணும். முயல் கண்ணுல படுற வரைக்கும் கயித்த விடாதீங்க, பட்டதும் விட்டுருங்க. வேட்டைக்குப் போற அன்னைக்கு வயிறு காலியா இருக்கணும். முதல் தடவை முயலை நீங்கதான் காட்டிக் குடுக்கணும். அம்புட்டுத்தான்."

முதலில் பேர். வழியெல்லாம் யோசித்தார்கள்.

"கூப்பிட்டா வரணும்னாரே, எந்தப் பேரு வச்சாண்ணே வரும்?" என்றான் சங்கிலி.

"வா-ன்னு வச்சா வரும்" என்றான் வெயிலுமுத்து.

கொம்பையா கடைசித் தம்பியை நடுரோட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டான். குட்டிக்கு 'வா' என்று பேராயிற்று.

மறுநாள் காலையில் குட்டி அடுப்படிக்குள் நுழைந்தது. சங்கிலி அதட்டினான். "வா, போ!" குட்டி ஓர் அடி முன்னால் வந்தது, ஓர் அடி பின்னால் போனது. அந்த நேரம் பார்த்துக் கொம்பையா உள்ளே வந்தான்.

"யாரப் பாத்துலே வா போங்குற? நான் உனக்கு மூத்தவன்!"

இரண்டு நாள் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஊர்த்தலைவர் வாசலில் வந்து நிற்கும்போது வெயிலுமுத்து நாயைக் கூப்பிட்டான். அவர் முகம் சிவக்கத் திரும்பிப் போய்விட்டார். பெரிய மனுஷர்கள் வந்தால் நாயை 'வாங்க' என்று கூப்பிடுவது என முடிவு செய்தார்கள். நாய்க்கு அந்த மரியாதை பழக்கமில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அதுவும் திரும்பிப் பார்த்தது.

அடுத்தது கயிறு. விடக்கூடாது என்றுதானே சொன்னார், கட்டச் சொல்லவில்லை. ஆகவே முறை வைத்துப் பிடித்தார்கள். சங்கிலி முடிவெட்டப் போனபோது நாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் அதற்கும் துண்டு போர்த்திவிட்டு, "இவருக்கு என்ன, மீசை மட்டுமா?" என்றார்.

பன்னிரண்டாம் நாள் வாளி கிணற்றில் விழுந்துவிட்டது. சங்கிலி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க, மேலே கொம்பையா பிடித்திருந்தான். பாதிக் கிணறு இறங்கியிருப்பான். காட்டிலிருந்து வெயிலுமுத்து கத்தினான்.

"முயல்! முயலு தெரியுதுண்ணே!"

கொம்பையா சொன்ன சொல் மாறாதவன். கயிற்றை விட்டுவிட்டான்.

நல்லவேளை, இடுப்பளவு தண்ணீர். மேலே வந்த சங்கிலி அண்ணனை முறைத்தான்.

"எந்தக் கயிறுன்னு அவரு சொல்லலையேலே" என்றான் கொம்பையா. சங்கிலியும் யோசித்துப் பார்த்தான். சொல்லவில்லைதான்.

வேட்டைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். யார் வயிறு என்று கேட்காமல் வந்துவிட்டதால், மூன்று பேருமே ராத்திரிச் சோற்றையும் காலைக் கஞ்சியையும் தொடவில்லை. வீணாய்ப் போகக் கூடாதே என்று அவ்வளவையும் நாய்க்கு ஊற்றினார்கள். அது ஏப்பம் விட்டுக்கொண்டே காட்டுக்கு வந்தது.

காட்டு நடுவில் முயல் உட்கார்ந்து உளுந்து தின்றுகொண்டிருந்தது. கொம்பையா கையை நீட்டப் போனவன் நிறுத்தினான்.

"அண்ணே, என்ன?"

"காட்டிக் குடுக்கணும்னாருல்ல. நம்ம வம்சத்துல எவனாவது யாரையாவது காட்டிக் குடுத்திருக்கானா?"

மூவரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நம்மள நம்பித்தான அது இங்க வந்து திங்குது" என்றான் வெயிலுமுத்து.

"காட்டிக் குடுக்கலைன்னா சோறு கிடையாது" என்றான் சங்கிலி.

"சரி, முன்கூட்டியே சொல்லிட்டுச் செஞ்சா துரோகமாகாது" என்று தீர்ப்புச் சொன்னான் கொம்பையா.

சங்கிலி எழுந்து போய், முயலுக்கு எதிரே குத்தவைத்து, "இந்தா பாரு, உன்னைக் காட்டிக் குடுக்கப் போறோம். மனசுல வச்சுக்கிடாத" என்றான். முயல் பாய்ந்தது. பட்டினி கிடந்த வெயிலுமுத்துவின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு நாயும் பாய்ந்தது. கரும்புழுதி ஒன்று ஓடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நாய் முயலைப் பிடரியில் பதமாகக் கவ்வி, ஒரு கீறல் இல்லாமல் உயிரோடு கொண்டுவந்து கொம்பையாவின் காலடியில் வைத்தது.

கொம்பையா அழுதுவிட்டான்.

ஆனால் கற்ற வித்தை பழகாவிட்டால் மறந்துபோகுமே. பழக்க முயல் வேண்டும். இருப்பது ஒன்று. அதைக் கோழி அடைக்கும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, தினமும் பொட்டலில் திறந்துவிட்டு நாயை விட்டுப் பிடித்தார்கள். நாலு நாளில் முயல் இளைத்துப்போய் ஓட மறுத்தது. அதற்கு நல்ல தீனி போட வேண்டியதாயிற்று. அது உளுந்துக் கொழுந்தைத் தவிர வேறெதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை.

அறுப்புக்கு நாள் வந்தது. அக்கா அரிவாளும் சாக்குமாகக் காட்டுக்குப் போனாள். காடு சவரம் செய்த மாதிரி இருந்தது.

"உளுந்து எங்கடா?"

"அந்த முயலைப் பிடிச்ச பொறவு வேற ஒண்ணுகூட காட்டுக்குள்ள கால் வைக்கலக்கா" என்றான் கொம்பையா, நெஞ்சை நிமிர்த்தி. "எல்லாத்தையும் நாங்களே அறுத்துட்டுப் போயி வீட்ல வச்சே அதுக்குப் போட்டுட்டோம்."

அக்கா அரிவாளையும் சாக்கையும் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நாய், பின்னாலேயே வந்த மூன்று பேரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தது. பிறகு அவளுக்கு முன்னால் ஓடி, அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தது. பஸ் சாத்தூருக்குப் புறப்பட்டது. மூவரும் திருப்பம் வரைக்கும் ஓடிப் பார்த்தார்கள்.

"சோறும் போச்சு, நாயும் போச்சு. இப்ப என்னண்ணே பண்ணுறது?" என்றான் வெயிலுமுத்து.

"நாயப் பிடிச்சா அக்காவும் கூட வந்துரும். நாயப் பிடிக்கணும்னா அதுக்குச் சமமா ஓடத் தெரிஞ்சது ஒண்ணு வேணும்" என்றான் கொம்பையா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்மகிட்ட இருக்குலே" என்றான்.

இப்போது சாத்தூர் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கலாம். கழுத்தில் கயிற்றோடு ஒரு முயல். அதற்கு முன்னால் வெயிலுமுத்து நாய் மாதிரி நாலு காலில் ஓடிக்காட்டுகிறான். சங்கிலி கயிற்றை விடாமல் நிற்கிறான். எப்படிப் போகிறது என்று யார் கேட்டாலும் கொம்பையா ஒன்றையே சொல்கிறான்.

"எல்லாம் நல்லாத்தான் பழகுது. இன்னும் குரைக்க மட்டும் வரல."