குருவித் தரை

முன்னொரு காலத்தில், கடல் சூழ்ந்த ஜப்பான் தேசத்தில் ஒரு கோட்டை இருந்தது. அதன் தலைவர் திடீரென்று இறந்துபோக, சின்னஞ்சிறு மகள் அகிகோ அரியணைக்கு உரியவள் ஆனாள். அவளைக் காப்பது மிசாவோ என்ற வாள்வீராங்கனையின் கடமை. ஆட்சியைக் கவனிக்க வந்த சித்தப்பா ககேமோரிக்கோ அரியணை மேலேயே கண்.

அவன் ஒரு மந்திரவாதியைப் பிடித்தான். மந்திரவாதி காட்டுக் குருவிகளை மந்திரம் போட்டுச் சபையின் பலகைத் தரைக்குள் அடைத்தான்.

"மனதில் எதையாவது மறைத்துக்கொண்டு மிதித்தால் தரை கத்தும். கத்தினால் மிதித்தவன் துரோகி!" என்றான் ககேமோரி.

அக்கிரமத்தைப் பாருங்கள்! அழுகையோ கோபமோ, முகத்தில் காட்டாமல் விழுங்குவதுதான் கடமை என்று வளர்ந்தவர்கள் அந்தக் கோட்டைக்காரர்கள். மறைக்காதவர் யார் இருப்பார்? கிழ மந்திரி நடந்தார். கீச் கீச்! துரத்தினார்கள். சமையற்காரர் நடந்தார். கீச் கீச்! துரத்தினார்கள். ககேமோரி மட்டும் தரையில் கால் வைப்பதே இல்லை. பல்லக்கில் வருவான், பல்லக்கில் போவான். தூக்குகிறவர்களின் காலடியில் கீச்சிட்டால் சவுக்கடி அவர்களுக்கு. வெட்கம் என்பது கொஞ்சமாவது இருந்ததா அவனுக்கு?

மூன்றாவதாக மிசாவோவை அழைத்தான். அவளும் போய்விட்டால் குழந்தையின் கதி என்ன? நெஞ்சு கொதித்தது. வழக்கம்போல் விழுங்கிக்கொண்டு கால் வைத்தாள்.

கீச் கீச்!

"பிடுங்குங்கள் வாளை!"

அகிகோவின் உதடு துடிப்பதை மிசாவோ பார்த்தாள். பொறுத்தது போதும் என்று தோன்றியது.

"ஆமாம், மறைத்தேன்! உங்களைக் கண்டாலே எனக்குப் பற்றி எரிகிறது. தலைவர் இறந்த அன்று கதறி அழ நினைத்தேன். இந்தக் குழந்தை எனக்குப் பெற்ற மகள் மாதிரி. போதுமா?"

இன்னோர் அடி வைத்தாள். சத்தமே இல்லை. மற்றோர் அடி. அப்போதும் இல்லை. தரை காட்டியது துரோகத்தை அல்ல, விழுங்கிய பேச்சை என்று சபைக்கு அப்போதுதான் உறைத்தது.

அகிகோ எழுந்தாள். "சித்தப்பா, நீங்களும் இறங்கி நடங்கள்."

"நானா? என்ன துணிச்சல் உனக்கு!"

பல்லக்குத் தூக்கிகள் அவனைப் பொத்தென்று இறக்கிவிட்டு விலகினார்கள். அவன் கால் பட்டதும் தரை முழுவதும் அலறியது. காதைப் பொத்தினான், ஓடினான், அலறல் கூடவே வந்தது.

"நிறுத்து! அண்ணனுக்கு விஷம் வைத்தது நான்தான்! நிறுத்து!"

தரை அடங்கியது. பலகைகள் பிளந்து குருவிகள் காட்டைப் பார்த்துப் பறந்தன. மந்திரம் ஒழிந்தது.

துரத்தப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். ககேமோரியை ஆளில்லாத் தீவுக்கு அனுப்பினார்கள். படகுத்துறை வரைக்கும் அவன் நடந்துதான் போனான்.

அன்றுதான் அகிகோ, மிசாவோவின் மடியில் விழுந்து, அப்பாவுக்காக வாய்விட்டு அழுதாள். கோட்டையே அவளோடு சேர்ந்து அழுதது.